துளை போல்ட்டின் உடைந்த பாதி

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் வலது தோளைத் தவிர. அங்கே தோள் உட்பட அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புது வீட்டில் நிறுத்த இடமில்லை என்று எங்களிடம் விட்டுப்போனீர்களே, உங்கள் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள், அது பரம சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போகலாம். நடுவில் நடந்ததை உங்கள் தங்கை அவள் பாணியில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என்ஜினுக்கு எண்ணெய் ஏற்றும் குழாயை ஒரு போல்ட் பிடித்திருக்கும், அதன் நடுத்துளை வழியாகத்தான் எண்ணெயே போகும், அந்த இடத்தில் லேசாகக் கசிந்தது, சும்மா விடலாமா என்று கொஞ்சம் இறுக்கினேன், போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது, மீதிப் பாதி உள்ளே. மெக்கானிக் எட்டிப் பார்த்து, "என்ஜினை மொத்தமா பிரிக்கணும் சார், அப்புறம் சேருமான்னு சொல்ல முடியாது" என்றான். மாமா தொட்டுத் தொட்டுத் துடைத்த என்ஜினை நான் பிரிக்கவிடுவேனா? பழைய அரம் ஒன்றின் கைப்பிடியைக் கழற்றினேன். பிடிக்குள் செருகும் முனை நாலு பட்டையாக, கூம்பாக இருக்கும் அல்லவா, அதை உள்ளே சிக்கிய போல்ட்டின் துளைக்குள் மெல்லத் தட்டி இறக்கினேன், பட்டை நன்றாகக் கவ்விக்கொண்டது, சூட்டில் என்ஜினின் அலுமினியம் விரியும் என்று சுற்றிலும் வெந்நீர்த் துணி போட்டேன், அரத்தை ஸ்பேனரால் பிடித்து முழு பலத்தோடு திருப்பினேன், அசையவில்லை. தோள் போனது அப்போதுதான். கெட்டிலோடு நின்ற உங்கள் தங்கை, "ஏங்க, கழட்டறீங்களா, இறுக்கறீங்களா?" என்று கேட்டாள். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் திருப்பியதும் ஒரு முனகலோடு முழுசாக வெளியே வந்தது மச்சான். உள்ளே திருகுமரை ஒன்றுகூடக் கெடவில்லை. மெக்கானிக் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சார், எங்க வேலை பாத்தீங்க?" என்றான். தாசில்தார் ஆபீசில் என்று சொல்ல மனம் வரவில்லை, சிரித்துவைத்தேன். புது போல்ட்டை மட்டும் அவனையே இறுக்கச் சொன்னோம்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் வண்டியை எடுத்து ஒரு சுற்று போய்வந்தோம். உங்கள் தங்கை பின்னால் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும், "அப்பா எனக்கும்தானே அப்பா" என்று சாவியைக் கொண்டுபோய் எங்கோ வைத்துவிட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்பதாகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வாருங்கள்.