வெளிச்ச வள்ளல்

கூடாரம் அடித்துத் தங்கும் இடங்களில் பாம்பைப் பற்றி எச்சரிக்கப் பலகை உண்டு. குளவியைப் பற்றி உண்டு. சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாயைப் பற்றிப் படத்தோடு உண்டு. வெளிச்ச வள்ளலைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க நான் முன்வந்திருக்கிறேன்.

வள்ளலை அடையாளம் காண இருட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிற்பகல் நான்கு மணிக்கு வந்து இறங்குவார். கூடாரத்துக்கு ஒரு முளைகூட அடித்திருக்க மாட்டார்கள்; மைத்துனர் துணியைப் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்; மனைவி அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்; வள்ளலோ ஸ்டூல் மேல் ஏறி, மரத்துக்கு மரம் கயிறு கட்டி, வாசலுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று, ஆள் நடந்தால் தானே எரிகிற சென்சார் லைட் ஒன்று என்று மாட்டிக்கொண்டிருப்பார். கூடாரத்துக்கு ஏது பின்வாசல் என்று கேட்கிறீர்களா? விளக்கு மாட்டியாகிவிட்டது, இனி அது பின்வாசல்தான்.

இதே மனிதரை அவர் வீட்டில் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் பொறுக்க மாட்டார். ஆள் இருக்கிற குளியலறையையும் விடமாட்டார். வெளியிலிருந்து அணைத்துவிட்டுப் போவார். உள்ளேயிருந்து குரல் வந்தால், "இருக்கேன்னு முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே" என்பார். வீட்டில் வருடம் முழுக்கச் சேமித்த இந்த வெளிச்சத்தைத்தான் விடுமுறையில் கொண்டுவந்து நம் தலையில் கொட்டுகிறார்.

சென்ற மாதம் எனக்கு வாய்த்த வள்ளலை எடுத்துக்கொள்ளுங்கள். முகாம் வாசலில், 'பத்து மணிக்கு மேல் விளக்குகளைக் குறைக்கவும், தரையைப் பார்த்து வைக்கவும், அடுத்த கூடாரத்தின் மேல் அடிக்க வேண்டாம்' என்று பலகை வைத்திருந்தார்கள். வள்ளல் அதன் மேல் டார்ச்சை அடித்து, மைத்துனருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார்.

"நல்ல ரூல். சில பேருக்கு இப்படி எழுதி வச்சாத்தான் உறைக்கும்."

மைத்துனரும் கூடவே தலையை ஆட்டினார். அக்கா வாழ்க்கைப்பட்ட இடம்.

நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டால் மனிதன் எதைப் பார்க்கிறானோ அதன் மேல் வெளிச்சம் விழும். வள்ளல் மரியாதை தெரிந்தவர். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். அவரிடம் மணி கேட்டுவிட்டுத் திரும்பிய ஒருவர், தன் கூடாரம் என்று நினைத்து என் கூடாரத்துக்குள் நுழைந்து, என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். பிறகு வள்ளல் தம் கூடாரத்துக்குள் பெரிய விளக்கை ஏற்றி, ஜிப்பை இழுத்து மூடி, இனி யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையோடு உடை மாற்றினார். பன்னிரண்டு கூடாரத்துக்காரர்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

அவருக்கு அந்தப் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு நர்ஸ். பதினோரு வருடமாக இரவு டூட்டி. அவருடைய வார்டில் விளக்கை அணைப்பதே கிடையாது. ஒரு தடவையாவது பால்வீதியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, நிலா இல்லாத நாளாகப் பார்த்து, மூன்று பேரிடம் கெஞ்சி டூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கிடைத்தது ஒரே ஒரு இரவு. காலை ஆறு மணிக்கு பஸ்.

"கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும் சார்," என்று சாயங்காலமே என்னிடம் சொல்லியிருந்தார். "நடுவுல ஒரு லைட்டு பட்டாலும் போச்சு. மறுபடி முதல்லேர்ந்து."

முகாமை விட்டுத் தள்ளிப் போய் உட்காரலாம் என்றால், பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எனவே கூடாரத்து வாசலில், வள்ளலின் விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு, அண்ணாந்து உட்கார்ந்தார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். வள்ளல் தண்ணீர் குடிக்க எழுந்தார். மறுபடி இருபது நிமிடம். ஒரு பூனை நடந்தது, சென்சார் லைட் அதற்கு மரியாதை செய்தது. அடுத்ததாக, பூனை போய்விட்டதா என்று பார்க்க வள்ளல் வந்தார்.

நர்ஸ் எழுந்து போய்க் கேட்டுவிட்டார். "அண்ணே, அந்த லைட்டையெல்லாம் கொஞ்சம் அணைக்க முடியுமா?"

"உங்களுக்காகத்தாம்மா போட்டிருக்கேன்," என்றார் வள்ளல், அவர் கண்ணைப் பார்த்து. "பொம்பளப் புள்ள இருட்டுல தனியா உக்காந்திருந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

"இருட்டுல உக்காரத்தான் வந்திருக்கேன்."

வள்ளலுக்கு மனம் கரைந்துவிட்டது. இந்தப் பெண்ணிடம் விளக்குகூட இல்லை. அதைச் சொல்லக் கூச்சப்படுகிறாள். உள்ளே போய் உயரமான லாந்தர் ஒன்றைக் கொண்டுவந்து, நர்ஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, முழு வெளிச்சத்துக்குத் திருகினார்.

"வச்சுக்கோங்க. என்கிட்ட இன்னும் ரெண்டு இருக்கு."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "போதும், வந்து படுங்க." அந்த அம்மாள் கல்யாணமான மறு வருடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தால் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாராம்.

கொடுத்துக் கொடுத்தே ஓட்டாண்டியான வள்ளல்கள் உண்டு. நம் வள்ளலுக்கும் விடியற்காலை நான்கு மணிக்கு பேட்டரி தீர்ந்தது. முதலில் கார் விளக்கு, பிறகு வாசல், கடைசியாக அந்தப் பின்வாசல். முகாம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. நர்ஸ் எப்போதோ அணைத்துவிட்ட லாந்தருக்குப் பக்கத்தில், அதே நாற்காலியில், அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு அரை மணி கிடைத்துவிடுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அக்கறை தாங்காமல் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, செல்போனை எடுத்து மணி பார்த்தேன்.

நான்கு இருபத்தைந்து. எழுத்து துல்லியமாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்த நர்ஸின் முகமும் தெரிந்தது.

"நீங்களுமா சார்?"

மறுபடி அரை மணி வேண்டும். அதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது. ஆறு மணிக்கு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாந்தரை வள்ளலின் வாசலில் துடைத்து வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறினார்.

நான் ஒரே ஒரு நொடிதான் போட்டேன். நல்லதுக்குத்தான் போட்டேன். வள்ளலைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். கேட்டுப் பார்த்தேன், சொன்னார். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதைச் செல்போனில், படுக்கையில் கிடந்தபடி, எல்லோரும் தூங்கிய பிறகு படிக்கிறீர்கள் என்றால், தலையை மட்டும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாரா?