மேட்டு வீட்டு வாளி

போர்ட் பிளேரில் ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள அவர் பெயர் தேவையில்லை. வீடு மேட்டிலா, பள்ளத்திலா என்று கேட்டால் போதும். மேட்டில் அதிகாரிகள், கான்ட்ராக்டர்கள், நல்ல காற்று. பள்ளத்தில் நாங்கள், மழைக்காலத்தில் அவர்களுடைய சாக்கடை. (நான் சிவில் டிப்ளமோ. சாக்கடை ஏன் கீழ்நோக்கி ஓடுகிறது என்று எழுதி மார்க் வாங்கியவள்.)

வேலை கிடைத்ததும் மேட்டில் வாடகை வீடு தேடினேன். தண்ணீர் சுமந்தே அம்மாவின் இடுப்பு போயிருந்தது. இனிமேல் தூக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். நான் பார்த்த வீட்டில் குளியலறை வரை குழாய்.

வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் புறப்படும்போது அம்மாவுக்கு நிபந்தனைகள் போட்டேன். ஒன்று, அப்பா படகு மெக்கானிக் அல்ல, ‘மெரைன் டெக்னீஷியன்’. இரண்டு, கருவாடு என்ற சொல்லே வரக்கூடாது. மூன்று, எங்கே குடியிருக்கிறோம் என்று கேட்டால் நான்தான் பதில் சொல்வேன்.

“அப்ப நான் எதுக்குட்டி வரணும்?” என்றாள் அம்மா.

வீட்டுக்காரம்மா ஒரு கான்ட்ராக்டரின் மனைவி. டீ கொடுத்தார். “இப்ப எங்க இருக்கீங்க?”

“சாத்தம் பக்கம், ஆன்ட்டி. சொந்தக்காரங்க வீட்ல.” பொய் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

எங்கள் பகுதியில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. அம்மா டீயை வைத்தாள், வராந்தாவில் இருந்த வாளியைத் தூக்கினாள், ஓடினாள். நானும் (டிப்ளமோவோடு) பின்னால் ஓடி வரிசையில் நின்றேன். வரிசையில் நாங்கள் இருவர் மட்டும். மேட்டில் லாரியே வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். யாரும் எழுந்திருப்பதுகூட இல்லை.

டிரைவர் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். “அரே அக்கா, இங்க எப்படி? படகு ஜெட்டிக்குப் பின்னாடி இருக்கிற உங்க பஸ்திக்கு நாளைக்குத்தானே பானி!”

வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. “மறந்தே போச்சும்மா. மெயின்லேண்டுலேர்ந்து ஒரு ஃபேமிலி வர்றாங்க, அவங்களுக்குச் சொல்லிட்டோம்.” (அந்த ஃபேமிலி இன்னும் கப்பலிலேயே இருக்கிறது போல. ‘வாடகைக்கு’ போர்டு அப்படியே தொங்குகிறது.)

பாதி இறக்கம் வந்த பிறகுதான் பார்த்தோம். வாளி அம்மா கையில்.

“ஏட்டி, நீ போய்க் குடுத்துட்டு வா.”

“தூக்குனது நீதானே? நீ போ.”

இரண்டு பேருமே போகவில்லை. பள்ளத்து ஆட்கள் திருடுவார்கள் என்று அந்தம்மா இனி ஆதாரத்தோடு சொல்லலாம்.

நல்ல வாளி. இன்றும் ஹாரன் அடித்தால் அப்பா கத்துவார்: “மேட்டு வீட்டைத் தூக்கிட்டு ஓடுங்க!” நானும் சிரிப்பேன், விடுமுறை நாளாக இருந்தால். மற்ற நாட்களில் லாரி வரும் நேரம், மேட்டில் எழும்பும் புது பங்களாவுக்கு நான் ஆபீசில் குழாய் வரைந்துகொண்டிருப்பேன். அம்மா ஒரு கையில் மேட்டு வீட்டையும் மறு கையில் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வருவாள்.