இடுப்பில் சுற்றிய ஒயின்

அந்த ஒயினை யார் கண்ணிலும் படாமல் கப்பலுக்குள் கொண்டுபோய்விடுவது என்று முடிவெடுத்த அன்று என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. வயிறு நான்கு அங்குலம் விரிந்த கதை பின்னால் வருகிறது.

நான் குழாய் வேலை செய்பவன். எங்கள் கல்யாணம் முடிந்த வாரம், ஒரு ஓட்டலில் வெடித்த குழாயை அரை மணி நேரத்தில் அடைத்துக் கொடுத்தேன். முதலாளி மனம் குளிர்ந்து ஒரு பாட்டில் ஒயினைக் கையில் கொடுத்தார். "இதை இருபத்தைந்தாவது கல்யாண நாளில் நடுக்கடலில் வைத்துத் திறப்போம்" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன். அப்போது எங்களிடம் கட்டில்கூட இல்லை. பிறகு மூன்று வீடு மாறினோம். ஒவ்வொரு முறையும் அவள் அந்தப் பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டுதான் வண்டியில் வந்தாள்.

இதோ, இருபத்தைந்து வந்துவிட்டது. மூன்று நாள் கப்பல் பயணத்துக்குச் சீட்டும் வாங்கியாகிவிட்டது. அப்போதுதான் முடிவெட்டும் அண்ணன் என் தலையில் கத்தரிக்கோலோடு ஒரு குண்டையும் போட்டார்.

"கப்பலுக்குள்ள ஒரு சொட்டு கொண்டுபோக விடமாட்டான் தம்பி. பிடுங்கிக் கடல்ல ஊத்திடுவான்."

"நீங்க கப்பல்ல போயிருக்கீங்களாண்ணே?"

"போனவனுக்கு முடி வெட்டியிருக்கேனே!"

இதைவிடச் சான்று வேண்டுமா? வீட்டுக்கு ஓடினேன். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீட்டோடு வந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்த சுபாவம். தலைவலி மாத்திரை வாங்கினால்கூடப் பெட்டிக்குள் மடித்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, தலைவலியே தேவலை என்று படுத்துவிடுவாள்.

"ஏங்க, இதுல ஒயினைப் பத்தி..."

"எல்லாம் தெரியும்."

"இல்லைங்க, பின்பக்கத்துல..."

"எனக்கு எல்லாம் தெரியும்னேன்ல? ஒயினைக் குழாய்ல ஊத்தி இடுப்புல சுத்திக்கப் போறேன்!"

அவள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள்.

கட்டைவிரல் பருமனில், கண்ணாடி மாதிரி ஒரு ரப்பர் குழாய். இடுப்பைச் சுற்றி மூன்று சுற்று. முனையில் பளபளவென்று ஒரு பித்தளைத் திருகுகுழாய். திருகினால் ஒயின். உற்சாகத்தில் எனக்கு இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை.

"பிடிச்சுட்டா?"

"பிடிக்க மாட்டாங்க."

"கசிஞ்சா?"

"நான் போட்ட குழாய் கசியுமா?"

"நம்ம சமையலறைக் குழாய்?"

"அது வேற விஷயம்."

"நீங்க தும்மினா?"

"தும்ம மாட்டேன்!"

கிளம்பும் காலையில் அவளே முன்வந்தாள். "ஊத்துறதை நான் பாத்துக்கறேன். அவசரத்துல நீங்க சிந்திடுவீங்க."

நான் சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றேன். சமையலறையிலிருந்து சிவப்புக் குழாயோடு வந்தாள். என்னைப் பம்பரம் மாதிரிச் சுற்றவிட்டுக் கட்டினாள்.

"காலி பாட்டில்?"

"அதை நான் பாத்துக்கறேன்."

அடடா, எவ்வளவு ஒத்துழைப்பு!

துறைமுகத்தில் நீண்ட வரிசை. நான் நடந்தால் வயிறு 'களக் களக்' என்றது. வெயிலுக்குக் குழாய் சூடேறியது. தும்மல் வந்தது, விழுங்கினேன். இன்னும் நாலு பேர். மூணு பேர். ஜெயித்துவிட்டேன் என்று சோதனை வாசலில் கால் வைத்தேன்.

வாசல் அலறியது.

எல்லாவற்றையும் கணக்குப் போட்டவன், பித்தளை ஓர் உலோகம் என்பதை மறந்துவிட்டேன். அதுவும் தினமும் பித்தளையோடு புழங்குகிறவன்.

சோதனை செய்த அம்மா என் சட்டையைத் தூக்கினார். திருகைத் திருகி ஒரு காகிதக் கோப்பையில் பிடித்தார். மோந்து பார்த்தார்.

"என்ன சார் இது?"

"ஒயின் மேடம். கல்யாண நாளுக்காக இருபத்தஞ்சு வருஷம் காப்பாத்தினது. தயவுசெஞ்சு கடல்ல ஊத்திடாதீங்க!" இரண்டு கையாலும் கும்பிட்டேன்.

"ஒயினா? பீட்ரூட் தண்ணி சார்!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அவருக்கு ரத்தம் கம்மிம்மா. அப்பப்போ குடிக்கணும்."

வரிசையே சிரித்தது. அவள் தன் கைப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். என் பாட்டில்! தக்கைகூட அசையவில்லை.

"ஆளுக்கு ஒண்ணு கையில கொண்டுவரலாம்னு பின்பக்கத்துல போட்டிருக்கீங்களேம்மா."

"தாராளமா கொண்டுபோங்க. கல்யாண நாள் வாழ்த்துகள்! சார், உங்க தண்ணியை மறந்துடாதீங்க."

கப்பல் படியில் ஏறும்போது கேட்டேன். "ஏன் முன்னாடியே சொல்லல?"

"ரெண்டு தடவை சொன்னேன். எல்லாம் தெரியும்னீங்க. மூணு வீடு மடியில சுமந்ததைக் குழாய்ல ஊத்த விடுவேனா?"

"அதுக்கு பீட்ரூட் எதுக்கு?"

"வெறும் தண்ணின்னா கண்டுபிடிச்சிருப்பீங்களே. அந்த அளவுக்குப் புத்தி உங்களுக்கு இருக்கு."

மாலையில் எங்கள் அறையின் வட்ட ஜன்னலில் கடல் சிவந்தது. பாட்டிலைத் திறந்தேன். 'டப்' என்ற சத்தத்தில் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் 'சொட்டு, சொட்டு.'

"ஐயோ, குழாய் ஒழுகுதுங்க! கப்பல் முழுகிடாதா?"

"அதுக்கெல்லாம் முழுகாது."

"எனக்குப் படபடங்குது. முதல்ல அதைப் பாருங்க."

பார்த்தேன். என் இடுப்புக் குழாயின் பித்தளைத் திருகைக் கழற்றி, குழாயை அவளிடம் கொடுத்தேன்; திருகு அளவெடுத்த மாதிரி அங்கே பொருந்தியது. அரை மணி நேரம். வெற்றியோடு கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஜன்னலோரம் அவள், கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தாள். மேசையில் காலி பாட்டில், பக்கத்தில் எனக்கென்று ஒரு கிளாஸ், விளிம்புவரை சிவப்பாக.

"சொன்ன மாதிரியே நடுக்கடலுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றாள். நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு இருபத்தைந்து வருடத்தையும் ஒரே மடக்கில் குடித்தேன்.

பீட்ரூட்.