சனி என்றது உங்களையல்ல, மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று அரங்கில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். உங்கள் கோபமும் நலமாக இருப்பதாக அம்மா சொன்னாள்.

வியாழன் வரை எல்லாம் அழகாகத்தான் போனது. இசைக்குழு ஒவ்வொரு கிரகத்துக்கும் வாசிக்க, நீங்கள் பின்வரிசையிலிருந்து அதன் படத்தை மேடைச் சுவரில் காட்டினீர்கள். வியாழனைப் பார்த்து நீங்களே வாயைப் பிளந்து நின்றதில் அடுத்த படம் மறந்துவிட்டது. அடுத்தது அம்மாவின் முதல் தனி வாசிப்பு. கை நடுங்க, செல்லோவின் மேல் வில்லை வைத்துக் காத்திருந்தாள். அதனால்தான் இசைக்குழுத் தலைவர் உங்களைப் பார்த்து, “சனி! சனி!” என்றார். அது கிரகம், மாமா. நீங்களோ, “யாரப் பாத்துய்யா சனிங்கறே?” என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டீர்கள். நான் ஓடிப்போய் உங்க லேப்டாப்ல ஏதோ ஒண்ண அழுத்தினேன், வளையம் வர வேண்டிய இடத்துல உங்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ சுவர் சைஸுக்கு வந்து நின்னுது, முன்வரிசைப் பெரியவர் “இது எந்தக் கிரகம்?”னு கேட்டார், அவர் சம்சாரம் “காதப் பாருங்க, வளையம் மாதிரியே இல்ல?”ன்னாங்க, அம்மா திரும்பிப் பாத்துச் சிரிச்சா, அந்தச் சிரிப்புல நடுக்கம் போயிடுச்சு, அப்புறம் வாசிச்சா பாருங்க, தலைவரே கோலை அசைக்க மறந்து கேட்டுட்டு நின்னார்!

ஆனால் இன்று மறுபடியும் அதே நிகழ்ச்சி; “அவன் பின்னாடி இல்லேன்னா நான் மேடை ஏறமாட்டேன்” என்று அம்மா உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எதிர் டீக்கடையில் நின்று அரங்கையே பார்த்துக்கொண்டிருப்பதாக வாசல் காவலர் சொன்னார். பின்வரிசையில் உங்கள் முக்காலியில் உட்கார்ந்து எழுதும் இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். வந்துவிடுங்கள்.

ஆசி சொல்ல எனக்கு வயதில்லை. ஆகவே வணக்கம் மட்டும்.

உங்கள் அக்கா மகள்

பி.கு.: தலைவர் இதைப் படித்துப் பார்த்தார். முதல் ‘சனி’ கிரகம்தானாம். இரண்டாவதற்கு அவர் பொறுப்பில்லையாம். அதை எழுதி முடிப்பதற்குள் என் தோளுக்கு மேலே டீ வாசனை. “என் காது அப்படியாடி இருக்கு? எந்திரி சனியே, அது என் இடம்.” இனி இதை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அம்மா மேடையில் வந்து உட்கார்ந்து, பின்வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு வில்லை எடுக்கிறாள். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.