பயணம் என்றொரு கட்டம்

மாலை நாலே காலுக்கு வரவேண்டிய வெள்ளிமலை பஸ் வரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்தில் எனக்கு ஒரு போலீஸ்காரர் கிடைத்திருக்கலாம், ஒரு சாமியாராவது கிடைத்திருக்கலாம். கிடைத்தவர் கட்டம் சார். கடவுள் படைத்ததெல்லாம் செவ்வகம் என்று நம்பும் ஒரே மனிதர்.

கம்ப்யூட்டர் சென்டரில் டேட்டாபேஸ் சொல்லிக்கொடுப்பவர். என் மகள் கயல் அவரிடம் படித்தவள். பொருளைச் செவ்வகத்தில் எழுது, உறவைச் சாய்சதுரத்தில் எழுது, கோட்டால் இணை. இதுதான் அவர் பாடம். மெஸ்ஸில் வாழை இலையிலேயே இட்லிக்கு ஒரு கட்டம், சட்னிக்கு ஒரு கட்டம் கீறி, நடுவே 'தொட்டுக்கொள்கிறது' என்று சாம்பாரால் எழுதுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் போய், "ஒருத்தருக்கு ஒருத்தி, ஒண்ணுக்கு ஒண்ணு தானுங்களே? முன்னாடியே சொல்லிட்டா கோடு போட ஈஸி" என்று கேட்டுவிட்டு, பந்திக்கு முன்பே வெளியேற்றப்பட்டவர்.

கயல் மலைமேல் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். தினமும் அந்த வெள்ளிமலை பஸ்ஸில்தான் திரும்புவாள். அன்று மதியத்திலிருந்தே மழை. தூரத்தில் கல்வராயன் மலையை மேகம் அவசரமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது.

"சார், கயலு வரல சார். போனும் போவல."

சார் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கூரைக்கடியில் காய்ந்த தரையில் உட்கார்ந்துவிட்டார். கயலுக்கு ஒரு கட்டம். பஸ்ஸுக்கு ஒரு கட்டம்.

"இன்னா சார், கோலம் போடற நேரமா இது?"

"இருங்கம்மா. ஒரு பஸ்ல பல பேரு. ஒரு ஆளு பல பஸ்ல போவாரு. நேரா கோடு போட்டா நிக்காது. நடுவுல இன்னொரு கட்டம் வேணும்." பயணம் என்று எழுதினார். "இன்னிக்கி, இந்தப் பஸ்ஸு, இந்த ட்ரிப்பு. இதுல கயல் மட்டுமா இருக்குது? அது போனை எடுக்கலன்னா கூட வர்றவங்க யாராச்சும் எடுப்பாங்க."

கூட்டம் சேர்ந்தது.

"எம் மச்சான் அதுலதான் வரான், சேத்துக்கோ சார்."

"எங்க சித்திக்கும் ஒண்ணு போடுங்க."

"எம் பலாப்பழம் டாப்புல வருதே?" என்றார் ஒரு வியாபாரியம்மா. சார் தீவிரமாக யோசித்து, பலாப்பழத்துக்கும் ஒரு கட்டம் கொடுத்தார்.

அவரவர் கட்டத்தின் பக்கத்தில் நின்று அவரவர் போன் அடித்தார்கள். ஈரக்காற்றில் எனக்கு எல்லாம் கனவுபோல இருந்தது. வெள்ளைக் கோடுகள் தரையை விட்டு மிதப்பதுபோலவும், அவற்றில் ஒன்று மேகத்துக்குள் ஏறிப் போவதுபோலவும். அது அறுந்துவிடக் கூடாதே என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் எடுத்தான். அவனுடையது வேறு கம்பெனி சிம், மலையிலும் சிக்னல் கிடைத்தது. அவன் சொன்னதைப் போன் அடித்தவர் அப்படியே உரக்கச் சொன்னார்.

"கொண்டை ஊசி வளைவுல மரம் சாஞ்சிக்கினு கெடக்குதாம். வெட்டிக்கினு கீறாங்களாம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலயாம்!"



வெளிச்சம் மங்குவதற்குள் பஸ் வந்தது. கயல் இறங்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். சாக்பீஸ் தூளோடு நின்ற மனிதரைப் பார்த்தாள்.

"கட்டம் சார் உன்கூட இருந்தாரா? அப்பாடா! நீ தனியா நின்னுக்கினு இருப்பியேன்னுதாம்மா வழி முச்சூடும் பயந்துக்கினே வந்தேன்."