சாவிக்கொத்து கிடைக்கவில்லை

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு நடந்த அடுத்த பெரிய நிகழ்ச்சி, கரையோர மனைப்பதிவு வாரியத்தின் சிதம்பரம் கிளையில் ஒரு கணினிக்கு லினக்ஸ் என்னும் இயங்குதளம் ஏற்றப்பட்டதுதான். இது இணை இயக்குநர் செம்பியன் அவர்களின் துணிபு. நடுவில் வேறு சில காரியங்கள் நடந்திருப்பதை அவர் மறுக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் முன் அனுமதி பெறப்படவில்லை என்று மட்டும் சொல்வார்.

அந்த மாபெரும் பணி இளநிலை உதவியாளர் அருள்மொழியின் தலையில் வந்து விழுந்ததற்குத் தக்க காரணம் உண்டு. கடலூர் தலைமை அலுவலகத்தில் ஒருநாள் பிரிண்டர் ஓடாமல் நின்றுபோனது. எல்லாரும் அதைச் சுற்றி நின்று வருத்தப்பட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் குனிந்து, கழன்று கிடந்த பிளக்கை எடுத்துச் சொருகினாள். அன்றே அவள் பெயருக்கு நேராக "கணினி வல்லுநர்" என்று ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்து, எல்லாக் கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்ற வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. செம்பியன் அவளைக் கூப்பிட்டு, முதலில் சிதம்பரத்தில் செய்து பார், அங்கே கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாது என்று வாழ்த்தி அனுப்பினார்.

சிதம்பரம் கிளையில் ஒரு கணினியும், ஒரு வாட்ச்மேனும், கூரை தொடும் அளவுக்குப் பழைய கோப்புகளும் இருந்தன. கடலூர் கட்டடத்தில் ஒரு புயலின்போது தண்ணீர் புகுந்ததால் கோப்புகளைப் "பாதுகாப்பாக" அங்கே அனுப்பிவிட்டிருந்தார்கள். போன கோப்பு எதுவும் திரும்பி வந்ததில்லை. அந்த அளவுக்குப் பாதுகாப்பு.

அருள்மொழி பதினைந்து நாள் வீட்டில் உட்கார்ந்து படித்தாள். டெபூட்ஸ்ட்ராப் என்று ஒரு கருவி இருப்பது தெரிந்தது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினால் போதும். எந்தப் பதிப்பு, எந்த இடத்தில், எங்கிருந்து என்று மூன்று விவரம் கொடுத்துவிட்டால், அதுவே இணையத்தில் போய், ஒரு லினக்ஸ் உயிரோடு இருக்க என்னென்ன வேண்டுமோ அதை மட்டும் கொண்டுவந்து, பிரித்து, அடுக்கி வைத்துவிடும். படம் கிடையாது, பாட்டு கிடையாது, 'அடுத்து' 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போகும் பொத்தானும் கிடையாது. அருள்மொழிக்கு அதன்மேல் ஒருவகை மரியாதையே வந்துவிட்டது. சொன்ன வேலையைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கும் ஒருவரை அவள் அந்த அலுவலகத்தில் அதுவரை பார்த்ததில்லை.

செம்பியன் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். ஆட்சிமொழி ஆய்வுக்கு ஆள் வரப்போகிறது. ஆகவே திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் நல்ல தமிழில் பெயர்த்து அன்றன்றே கடலூருக்கு அனுப்ப வேண்டும்.

சிதம்பரம் கணினியில் எந்தக் காலத்திலோ ஒரு ஒப்பந்தக்காரர் போட்டுவிட்டுப் போன வேறொரு லினக்ஸ் இருந்தது. அதில் இருந்தபடியே பக்கத்தில் புதியதை ஏற்றிவிடலாம். அருள்மொழி அந்த ஒரு வரியைத் தட்டினாள். உடனே ஓர் எச்சரிக்கை வந்தது. 'கீரிங் ஃபைல்' இல்லை, அதனால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை.

விஷயம் பெரிதில்லை. வந்திறங்கும் மென்பொருள் உரியவர்களிடமிருந்துதான் வருகிறதா என்று ஒத்துப் பார்க்க உதவும் சின்னக் கோப்பு அது. அந்தப் பழைய லினக்ஸில் அது இல்லை. தேடி இறக்கிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் உத்தரவு உத்தரவுதானே. வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, "சாவிக்கொத்துக் கோப்பு கிடைக்கவில்லை" என்று பெயர்த்து, கண்காணிப்பாளர் லூர்துசாமிக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். முப்பது வருட அனுபவசாலியான அவர், 'கோப்பு' என்ற சொல்லைப் பார்த்தால் கோப்பு எண் கேட்பார்கள், எதற்கு வம்பு, எடுத்துவிடு என்றார். நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நின்றுகொண்டே போக வேண்டும். அவளும் எடுத்துவிட்டாள்.

அன்று மாலை கடலூருக்குப் போன அறிக்கை இப்படி இருந்தது: "சிதம்பரம் கிளையில் சாவிக்கொத்து கிடைக்கவில்லை. எனவே கையொப்பத்தைச் சரிபார்க்க இயலவில்லை."

வாரியத்தின் வரலாற்றில் ஓர் அறிக்கை இவ்வளவு விரைவாகப் படிக்கப்பட்டதில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்குள் வாட்ச்மேன் பொன்னுரங்கத்துக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. அதுவும் சாதாரணமானது இல்லை, ஒழுங்கு விதிகளிலேயே கடுமையான பதினேழு பி. அது நிலுவையில் இருந்தால் ஓய்வுபெறும் நாளில் மாலை போடமாட்டார்கள், பென்ஷனும் வராது. பொன்னுரங்கம் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

அருள்மொழி உள்ளே நுழைந்தபோது அவர் கணினிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குறிப்பாணை. இன்னொரு கையில், நாற்பது சாவி கோத்த இரும்பு வளையம்.

"இந்தா இருக்குது மேடம் கொத்து," என்றார். "முப்பத்தோரு வருசமா இடுப்ப வுட்டு எறக்கினது இல்ல. இல்லன்னு எப்பிடி எழுதுனீங்க?"

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அது வேறு சாவி, கம்ப்யூட்டருக்குள் இருப்பது என்று விளக்கினாள். கம்ப்யூட்டருக்கு உள்ளேயா, அதை யார் அங்கே பூட்டி வைத்தது என்று அவர் கேட்டார். குறிப்பாணையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு எடுத்துப் பிரித்து, மறுபடியும் படித்தார். அருள்மொழி உடனே கடலூருக்குப் போன் போட்டு எழுத்துப் பிழை என்றாள். பிழை என்றால் பிழைத்திருத்தத்துக்குத் தனிப் படிவம் உண்டு, ஆனால் விசாரணை தொடங்கிய பிறகு அதை வாங்க முடியாது என்று பதில் வந்தது.

பத்து நாள் கழித்து விசாரணைக் குழு சிதம்பரத்துக்கே வந்தது. செம்பியன் தலைவர், லூர்துசாமி உறுப்பினர். நடுநிலை தவறக்கூடாது என்பதற்காக, சாவிக்கொத்து கிடைக்கவில்லை என்று சொன்ன தரப்புக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அந்தத் தரப்பு கணினி. நாற்காலியில் அதன் விசைப்பலகையை வைத்தார்கள்.

பொன்னுரங்கம் கொத்தை மேஜைமேல் வைத்தார். செம்பியன் அதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. கணினிக்குப் பொய் சொல்லத் தேவையில்லை, அதற்குப் பிள்ளைகுட்டி இல்லை என்று கோப்பில் எழுதவைத்தார். இருந்தாலும் இயற்கை நீதி என்று ஒன்று இருக்கிறதே. ஆகவே, சாவிக்கொத்தைக் கணினியிடம் நேரில் காட்டி, இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

"கிட்ட வச்சிட்டு மறுபடி ஓட்டும்மா," என்றார் செம்பியன்.

அருள்மொழி ஓட்டினாள். அதே வரி வந்தது.

"கீழ வச்சா அதுக்கு எப்பிடித் தெரியும், மேல வைய்யி," என்றார் லூர்துசாமி.

பொன்னுரங்கம் கணினிப் பெட்டியின் தலைமேல் கொத்தை இரண்டு கையாலும் பயபக்தியோடு வைத்தார். அதே வரி. ஒவ்வொரு சாவியாகக் காட்டலாமா என்று லூர்துசாமி யோசனை சொன்னார். ஏழாவது சாவி வரைக்கும் காட்டினார்கள். அது கழிப்பறைச் சாவி. செம்பியன் போதும் என்று கையை உயர்த்தினார்.

முடிவு தெளிவாகிவிட்டது. கணினி ஏற்க மறுப்பதால் இது உண்மையான சாவிக்கொத்து அல்ல. உண்மையானதைத் தொலைத்துவிட்டு, முப்பத்தோரு வருடமாகப் போலிச் சாவியைக் கொண்டு கதவுகளைத் திறந்து அரசை ஏமாற்றியிருக்கிறார் பொன்னுரங்கம். லூர்துசாமி எழுதத் தொடங்கினார்.

கொத்தை எடுத்து இடுப்பில் சொருகப் போன பொன்னுரங்கம், அது இனி தன்னுடையதா இல்லையா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அருள்மொழியால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"சார், அது சாவியே இல்ல," என்றாள். "ஒரு ஃபைலு. நான்தான் அந்த வார்த்தைய எடுத்துட்டு எழுதுனேன். தொலைஞ்சது ஃபைலுதான் சார்."

லூர்துசாமியின் பேனா நின்றது. யார் எடுக்கச் சொன்னது என்பது அவருக்கு நினைவில் இல்லை. செம்பியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாவி தொலைந்தால் பூட்டை உடைத்துக்கொள்ளலாம். கோப்பு தொலைவது அப்படியா? பொன்னுரங்கம் அந்த நிமிடமே குற்றமற்றவர் ஆனார். அருள்மொழி அந்த நிமிடமே குற்றவாளி ஆனாள். குறிப்பாணையைப் புதிதாகத் தட்டச்சு செய்ய ஆள் இல்லாததால், பொன்னுரங்கத்தின் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை அவளையே எழுதச் சொன்னார்கள். எழுதினாள்.

மறுநாள் காலை, யாரையும் கேட்காமல் அந்தக் கோப்பை இணையத்தில் தேடி இறக்கினாள். ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஒரு வரியை மறுபடி தட்டினாள். கையொப்பம் சரி என்று திரை சொன்னது. பொட்டலம் பொட்டலமாக வந்தது, பிரிந்தது, அமர்ந்தது. பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று, ஓடும் வரிகளை பஸ் பலகை படிப்பதுபோல வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார். பதினோராவது நிமிடத்தில், அடிப்படை அமைப்பு வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று சொல்லிவிட்டுக் கருவி அடங்கிவிட்டது. நன்றியுரை கூட ஆற்றவில்லை.

செய்தி கடலூரைச் சேர்ந்ததும் செம்பியன் மனிதராகவே மாறிவிட்டார். தொலைந்த கோப்பு கிடைத்துவிட்டது. குறிப்பாணை ரத்து. வாரியம் பிறந்த நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை என்பதால், அவர் படத்தோடு உள்ளூர் நாளிதழில் நாலு பத்தி வந்தது: "காணாமல் போன கோப்பு பன்னிரண்டே நாளில் மீட்பு: இணை இயக்குநரின் அயராத முயற்சி."

ஒரு வேலை பாக்கி இருந்தது. புதிய அமைப்புக்கு எல்லா அதிகாரமும் உள்ள ஒருவர் வேண்டும், அவருக்கு ஒரு கடவுச்சொல் வேண்டும். அந்தப் பதவிக்கு 'சூப்பர் யூசர்' என்று பெயர் என்று அருள்மொழி தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். அது இயல்பாகவே தனக்கு உரியது என்றார் செம்பியன். கண்காணிப்பாளருக்கு ஆங்கிலத்தில் சூப்பரின்டென்டென்ட், அந்தப் பதவியே சூப்பரில்தான் தொடங்குகிறது, இணை இயக்குநரில் எங்கே சூப்பர் இருக்கிறது என்றார் லூர்துசாமி. கடைசியில் ஆளுக்குப் பாதிக் கடவுச்சொல் என்று உடன்பாடு. இருவரும் ஜீப்பில் சிதம்பரம் வந்து, ஒருவர் தட்டும்போது மற்றவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் கடலூர்க் கடற்கரையில் உள்ள தேவனாம்பட்டினத்திலிருந்து முத்தம்மாள் வந்தாள். சுனாமியில் வீடு போனவள். ஒதுக்கிய மனைக்குப் பட்டா கேட்டு அவள் கணவன் மனுக் கொடுத்து, பட்டா வருவதற்குள் அவனும் போய்விட்டான். கோப்பு கிடைக்கவில்லை, கிடைத்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்பது வாரியம் அவளுக்கு இத்தனை வருடமும் தவறாமல் அளித்துவந்த பதில். கையில் அந்த நாளிதழை மடித்து வைத்திருந்தாள்.

"இதுல போட்டிருக்குதாமே, தொலைஞ்சு போனது கெடைச்சிடுச்சின்னு," என்று அருள்மொழியிடம் கேட்டாள். "எவ்ளோ நேரம் தேடுனீங்க?"

"அஞ்சு நிமிசம்மா."

முத்தம்மாள் தலையாட்டினாள். "அப்ப என்னுதையும் ஒரு அஞ்சு நிமிசம் தேடுங்க. நா ஒக்காந்திருக்கேன்."

பொதுமக்களுக்கு நாற்காலி கிடையாது என்பதால், கணினி மேஜைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். மேஜைவிரிப்பு தரை வரைக்கும் தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அது தூக்கித் தூக்கி அடித்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், கையை நீட்டி விரிப்பை விலக்கினாள். மேஜையின் ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுத்து, நூலால் கட்டிய கோப்பு ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. மேலட்டை கிழிந்து, அதில் ஒட்டியிருந்த புகைப்படம் பாதி வெளியே தெரிந்தது.

"இது எங்க வூட்டுக்காரரு," என்றாள்.

லூர்துசாமி சுவரைப் பார்த்தபடியே இருந்தார், செம்பியன் தன் பாதியைத் தட்டி முடித்த பிறகும். அருள்மொழி எழுந்து வந்து மண்டியிட்டு, கோப்பின் விளிம்பைப் பிடித்தாள். பொன்னுரங்கம் மேஜையைத் தூக்கிப் பிடிக்க வந்தார்.

செம்பியன் பதறிப்போனார்.

"அருள்மொழி, வேணாம்மா. அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும். அத உருவுனா மொத்த சிஸ்டமும் ஆடிப்போயிடும்."

வாரியத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமான தொழில்நுட்ப விளக்கத்தை அருள்மொழி எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. உருவினாள்.