பதினொரு நாளும் முதல் நம்பர்

பிடிக்காத வேலையை மகிழ்ச்சியோடு செய்வது எப்படி என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். மரியாதைக் குறைவு இல்லை, பயம். என் ஆயுளில் பதினொரு நாள் நான் அப்படி வேலை செய்திருக்கிறேன். அந்தப் பதினொரு நாளில், ஆம்பூரில் நல்ல பேரோடு இருந்த ஒரு மனுஷரை ஏறக்குறைய மோசக்காரர் ஆக்கினேன். என் மகளின் படிப்பை ஏறக்குறைய நிறுத்தினேன். மற்றபடி அந்தப் பதினொரு நாளும் எனக்கு மிகவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலில் நான் வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷம் பையன்களின் கட்டுரை நோட்டு திருத்தினேன். பிறகு மேல் வகுப்புகளை மூடினார்கள், அதோடு என்னையும். மகள் சலோமி அப்போது வேலூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருஷம் தாண்டினால் டீச்சர் பயிற்சிக்குப் போகலாம். தாண்டாவிட்டால் தகரப்பெட்டியோடு வீட்டுக்கு வரவேண்டியதுதான். அந்தத் தகரப்பெட்டி ராத்திரி பகல் என் கண்முன் நின்றது. வேறு எங்கேயும் வேலை கிடைக்காமல் பெரிய சாயபுவின் தோல் ஷாப்புக்குப் போய் நின்றேன். (தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்.)

"பதினஞ்சு வருஷமா இன்னா வேலை பாத்தீங்க வாத்யார்?" என்று கேட்டார் சாயபு.

"நோட்டுத் திருத்தினேன், சாயபு. தப்பு கண்டுபிடிக்கறது."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. இங்கியும் அதே வேலைதான். நோட்டுக்குப் பதிலா தோல். அது எதுத்துப் பேசாது."

தரம் பிரிக்கும் இடத்தில் என்னை உட்கார்த்தினார். கன்னியப்பன் என்ற ஆள் பதனிட்ட தோலை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான். நான் பார்த்து நம்பர் சொல்லவேண்டும். ஓட்டையும் கீறலும் இல்லாதது முதல் நம்பர். கொஞ்சம் இருந்தால் இரண்டாம் நம்பர். ஜாஸ்தி இருந்தால் மூன்று. நம்பர்வாரியாகக் கட்டு கட்டிப் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். சாயபு கட்டு என்றால் பட்டணத்தில் பிரிக்காமலே வாங்குவார்களாம். அவ்வளவு பேர்.

ஆறு மாதத்தில் வேலையைக் கற்றுக்கொண்டேன். ஆனால் வெறுத்தேன். சுண்ணாம்புத் தொட்டி நாற்றம், ஆவாரம்பட்டை ஊறுகிற நாற்றம், ஈ. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கோயில் வாசலில் செருப்பைப் பறிகொடுத்தவன் முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் நான் குளித்து முடிக்கும் வரை மனைவி எஸ்தர் என்னோடு ஜாடையில்தான் பேசுவாள். படித்த மனுஷனை மாட்டுத் தோலுக்கு முன்னால் உட்கார்த்திவிட்டாரே என்று கர்த்தரிடம் தினமும் முறையிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டணத்திலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மேடையைத் தட்டிச் சொன்னார்: "உன் வேலையில் குறை இல்லை, உன் கண்ணில் இருக்கிறது குறை! நாளைக் காலை முதல் குறை காணும் கண்ணை மூடு. நிறை காணும் கண்ணைத் திற. உன் வேலை உனக்குத் தேனாக இனிக்கும்!" (ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து பிரசங்கம் செய்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. அதை நான் யோசித்திருக்கவேண்டும்.)

"உங்களுக்குன்னே சொன்ன மாதிரி இருந்திச்சு," என்றாள் எஸ்தர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. என் வேலையே குறை காண்பதுதான் என்பது, பதினைந்து வருஷம் பிறருடைய தப்பைத் திருத்திய அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

திங்கட்கிழமை காலை மூக்குத் துண்டை அவிழ்த்து வைத்தேன். வாயில் ஒரு புன்னகையை ஒட்டவைத்தேன். கன்னியப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"இன்னா வாத்யாரே, பல்லு வலியா?"

"இல்லப்பா. சந்தோஷம்."

முதல் தோலைத் தூக்கினான். கழுத்துப் பக்கம் நாலு ஓட்டை. வேறு நாளானால் மூன்று என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு நிறை காணும் கண்ணைத் திறந்தேன். ஓட்டை என்னவோ நாலுதான். ஓட்டை இல்லாத இடம் எவ்வளவு இருக்கிறது! கழுத்திலிருந்து வால் வரைக்கும் தோல்! இத்தனை நாள் இந்த நாலு ஓட்டையைப் பார்த்தா முகம் சுளித்தோம் என்று வெட்கப்பட்டேன்.

"முதல் நம்பர்," என்றேன்.

கன்னியப்பன் தோலைக் கீழே இறக்கவில்லை. "இதுவா மொதலு?"

"ஆமாம். நல்லாப் பாரு. எவ்வளவு நிறை!"

அவன் என்னையும் தோலையும் மாறி மாறிப் பார்த்தான். சாயபு அப்போது ஊரில் இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்காக வாணியம்பாடி போயிருந்தார். கன்னியப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவனுக்கும் நிறை தெரிந்துவிட்டது என்று நினைத்து நானும் கண்ணடித்தேன்.

அந்தக் கண்ணடிப்பில்தான் என் குடி கெட்டது. சாயபு ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனபடி வாத்தியார் பட்டணத்துக்காரன் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று கன்னியப்பன் முடிவு கட்டியிருக்கிறான். விசுவாசமுள்ள ஆள். என்னால் முடிந்ததை நான் செய்ய, அவனால் முடிந்ததை அவனும் செய்தான். நல்ல தோலைக் கட்டுக்கு மேலேயும் கீழேயும் வைத்து, ஓட்டையை எல்லாம் நடுவில் செருகினான். நான் இதைக் கவனிக்கவில்லை. நான் நிறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு நாள். ஒரு தோலைக்கூட இரண்டாம் நம்பர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் பாட்டுப் பாடினேன். வேலூருக்கு, "அப்பா இப்போது வேலையில் ஆனந்தமாக இருக்கிறேன்" என்று சலோமிக்குக் கடிதம் போட்டேன். எஸ்தர் மட்டும், "ரொம்ப சிரிக்காதீங்க, பயமா இருக்கு," என்றாள்.

பன்னிரண்டாம் நாள் பட்டணத்திலிருந்து ஏஜெண்டு வந்தார். நல்லவேளையாக, கட்டுகள் இன்னும் ரயில் ஏறவில்லை. சாயபுவும் கல்யாணம் முடிந்து திரும்பியிருந்தார். ஏஜெண்டு பிரித்துப் பார்ப்பதற்காக வரவில்லை, டீ குடிக்கத்தான் வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் சந்தோஷம் சும்மா இருக்கவிடவில்லை.

"சார், இந்தத் தடவை எல்லாமே முதல் நம்பர்!" என்று சிரித்தேன்.

ஏஜெண்டு டீயைக் கீழே வைத்தார். "எல்லாமேவா? நானும் இருபது வருசமா தோல் வாங்கறேன். எல்லாமே மொதல் நம்பரா ஒரு லாட்டைப் பாத்ததில்லையே. நடுவுலேந்து ஒண்ணு உருவு, பாக்கலாம்."

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் தைரியம் சொல்வதுபோல் தலையாட்டினேன். அவன் ஒன்றை உருவி ஜன்னலுக்கு நேராகத் தூக்கினான்.

நல்ல வெயில் நேரம். தோலின் ஓட்டை ஒவ்வொன்றிலும் வெயில் நுழைந்து, சாயபுவின் வெள்ளைச் சட்டை மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"வாத்யார்," என்றார் சாயபு மெதுவாக, சட்டை மேலிருந்த பொட்டுகளைப் பார்த்தபடி. "இது இன்னா?"

இந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் கதை கௌரவமாக முடிந்திருக்கும். பூமி விழுங்கவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"சாயபு, ஓட்டையை மட்டும் பார்க்கறீங்க. மிச்ச தோலையும் பாருங்க."

ஏஜெண்டு சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாயபு, உங்க அப்பா காலத்துலேந்து உங்க கட்டைப் பிரிச்சதில்ல. இனிமே பிரிக்கணும்போல," என்றார்.

சாயபுவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்போதுதான் கன்னியப்பன் விசுவாசத்தின் உச்சிக்குப் போனான். "மொதலாளிக்கு ஒண்ணும் தெரியாதுங்க! நடுவுல வச்சது நாந்தான்! வாத்யார் கண்ணடிச்சாரு!"

பிரசங்கியார், நிறை, தேன் எல்லாவற்றையும் உளறினேன். சாயபு நடுவில் நிறுத்தவே இல்லை. முழுக்கக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

"உங்க பாதிரிக்கு நான் தோல் விக்கலியே வாத்யார்," என்றார் கடைசியில். பிறகு ஏஜெண்டிடம் திரும்பி, "மூணு நாள் டைம் குடுங்க. இவரே மறுபடி பாப்பாரு. நீங்க வந்து எங்க வேணா உருவிப் பாருங்க. ஒண்ணு தப்பா இருந்தா லாட்டு உங்களுக்கு வேணாம், இவரு எனக்கு வேணாம்," என்றார்.

வீட்டில் எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "வேலூருக்குப் போயி பொட்டியத் தூக்கிட்டு வர, நீங்க போறீங்களா நான் போகட்டுமா?"

மறுநாள் காலை கட்டுகளைப் பிரித்துப் போட்டோம். புன்னகை போய்விட்டது, துண்டு மூக்குக்குத் திரும்பிவிட்டது. ஆத்திரத்தோடு பார்த்தேன். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. கன்னியப்பன் என்னோடு பேசவில்லை.

மத்தியானம் வாக்கில் ஒரு தோல் வந்தது. கழுத்தின் ஒரே பக்கம் மட்டும் தழும்பு, மறுபக்கம் வழவழவென்று இருந்தது. நம்பர் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினேன்.

"இது ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கு?" என்றேன்.

கன்னியப்பன் கோபத்தை மறந்து தோலைத் திருப்பினான். "நுகம் ஒரசினது வாத்யாரே. எப்பவுமே ஒரே பக்கம் கட்டிருக்கான். பக்கம் மாத்தத் தெரியாத சோம்பேறி எவனோ."

அடுத்தது உடம்பெல்லாம் மெல்லிய கீறல். "ஆலங்காயம் பக்கத்து மாடா இருக்கும், முள்ளுக் காட்டுல மேஞ்சிருக்கும்," என்றான். இன்னொன்றில் வயிற்று நோவுக்குச் சூடு போட்ட வடு. வைத்தியம் தெரியாதவன் கை என்று அதில் நான்கூடக் கண்டுபிடித்தேன், கோடு கோணல்.

எனக்குப் பழைய நோட்டுகள் ஞாபகம் வந்தன. பேர் எழுதாத நோட்டைக்கூட யாருடையது என்று சொல்லிவிடுவேன். கையெழுத்தைப் பார்த்து இல்லை, தப்பைப் பார்த்து. அவசரக்காரன் தப்பு ஒரு மாதிரி, பயந்தவன் தப்பு ஒரு மாதிரி. பதினைந்து வருஷம் நான் நோட்டு திருத்தியதே அதற்காகத்தான். தப்பே இல்லாத நோட்டில் எனக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது, கையெழுத்துப் போட்டு மூடிவிடுவேன். பிரசங்கியார் சொன்னது அரைவாசி சரிதான். மாறவேண்டியது என் கண்தான். ஆனால் அதை மூடச் சொன்னாரே, அங்கேதான் தவறிவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கன்னியப்பன், "வாத்யாரே, துண்டு எங்க?" என்றான். துண்டு பக்கத்தில் ஒரு தோலுக்கு அடியில் கிடந்தது. எப்போது அவிழ்த்தேன் என்று எனக்குத் தெரியாது. சோறும் அப்படியே இருந்தது. நாற்றம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லாமல் போயிருந்தது. சிரிக்கவும் நேரமில்லை.

ஏஜெண்டு வந்து எட்டு இடத்தில் உருவினார். ஏழு சரியாக இருந்தது. எட்டாவதை வைத்துக்கொண்டு, "இதைப்போய் மூணுல போட்டிருக்கீங்களே, ரெண்டுதான்," என்றார்.

"மூணு," என்றேன்.

"ஓட்டையே இல்லையேய்யா!"

"வால் பக்கம் விரலை வைங்க. உரிக்கறப்ப கத்தி பட்டிருக்கு. இழுத்தா விட்டுடும்."

"ரெண்டு!"

"மூணு சார்! நீங்களே இழுத்துப் பாருங்க!"

கால் மணி நேரம் கத்தினோம். கடைசியில் அவர் இழுத்தார், அது கிழிந்தது. பயந்துபோய் சாயபுவைப் பார்த்தேன். அவர் கன்னியப்பனிடம், "வாத்யாருக்குப் பைத்தியம் தெளிஞ்சிடுச்சு. சண்டை போடறாரு பாரு," என்று சிரித்தார். தகரப்பெட்டி வேலூரிலேயே இருந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டில் முதல் நம்பர் என்பது திட்டு. குழம்பு தீய்ந்தால் முதல் நம்பர். சலோமியைப் பெண் கேட்டு வந்து, பையனிடம் ஒரு குறையும் கிடையாது என்று தரகர் சத்தியம் செய்தபோது, உள்ளேயிருந்து எஸ்தர், "மொதல் நம்பராம்!" என்று குரல் கொடுத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நிஜமாகவே நன்றாக இருக்கும் எதற்கும் எங்கள் வீட்டில் இரண்டாம் நம்பர்தான் கிடைக்கும்.

சலோமி இப்போது ஆலங்காயத்தில் டீச்சர். வேலைக்குப் போன மூன்றாம் வாரம், "அப்பா, எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. வந்துவிடட்டுமா?" என்று எழுதினாள். எனக்குத் தூக்கம் போயிற்று. நான்கு பக்கத்துக்குப் புத்தி சொல்லி எழுதினேன். படித்துப் பார்த்தேன். அந்தப் பிரசங்கியார் குரல் அப்படியே கேட்டது. கிழித்துப் போட்டேன். ஒரு கார்டில், "அங்கே என்னென்ன சரியில்லை? ஒன்று விடாமல் எழுது" என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

நேற்றுப் பதில் வந்தது, ஒன்பது பக்கம். ஒழுகுகிற கூரை, தலைமை டீச்சரின் கைத்தடி, எந்தக் குழந்தை எந்த எழுத்தைத் திருப்பிப் போடுகிறது, எது மழை வந்தால் ஏன் வருவதில்லை, கணக்கு வகுப்பில் மட்டும் எந்தப் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது. வந்துவிடட்டுமா என்று கேட்க மறந்துவிட்டாள்.

நான் படித்து முடித்ததும் எஸ்தர் கடிதத்தை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய், கடிதத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். என் சட்டை மேல் பொட்டு விழுகிறதா என்று குனிந்து பார்த்தேன். இத்தனை வருஷமாகியும் யாராவது எதையாவது அப்படித் தூக்கினால் பார்க்கத்தான் தோன்றுகிறது.

மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டாம் நம்பர்," என்றாள். "அங்கியே இருப்பா."